மூன்றையும் சேர்த்து வாங்காதீர்கள்

'ரஷ் ஹவர்' வரிசையின் மூன்று படங்களும் சேர்த்து வாங்கினால் மலிவு என்று உங்கள் தொலைக்காட்சியில் ஒரு சலுகை மின்னினால், விரலைப் பின்னுக்கு இழுத்துக்கொள்ளுங்கள். நான் இழுக்கவில்லை.

அப்பாவுக்காகத்தான் வாங்கினேன். ஜாக்கி சான் படம் பார்க்க அவருக்கு ஆங்கிலம் தேவையில்லை. அடி புரிந்தால் போதும். 1998இல் வந்த முதல் படத்தையும் 2001இல் வந்த இரண்டாவதையும் சனிக்கிழமை ஒரே மூச்சில் பார்த்து முடித்தோம். ஹாங்காங் காவலரும் லாஸ் ஏஞ்சல்ஸ் காவலரும் ஒருவரையொருவர் சகித்துக்கொள்ள முடியாமலே சேர்ந்து துப்பறிகிறார்கள். முதல் படத்தின் இறுதியில், விலைமதிப்பில்லாத சீன ஜாடிகள் விழாமல் தாங்கிப் பிடித்துக்கொண்டே ஜாக்கி அடியும் வாங்கி அடியும் கொடுப்பார். ஒரு ஜாடி சாய்ந்தபோது அப்பா நாற்காலியில் இருந்தபடியே கையை நீட்டிவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை மூன்றாவது படம். 2007இல் வந்தது. இடைப்பட்ட ஆறு ஆண்டுகளில், லாஸ் ஏஞ்சல்ஸ் காவலராக வரும் கிறிஸ் டக்கர் வேறு ஒரு படத்திலும் நடிக்கவில்லை. சேர்த்துவைத்ததையெல்லாம் இதில் கொட்டுவார் என்று எண்ணிய என் நினைப்பில் மண். பழைய கூச்சல்தான், இன்னும் கொஞ்சம் சத்தமாக.

ஓர் உதாரணம். குங்ஃபூ பள்ளி ஒன்றில் விசாரணை. ஆசிரியரின் பெயர் யூ, இன்னொருவரின் பெயர் மீ. "நீ யார்?" என்றால் "யூ" என்கிறார், "நானில்லை, நீ" என்றால் மறுபடியும் "யூ". வானொலிக் காலத்திலேயே அமெரிக்கர்கள் கேட்டுச் சிரித்து முடித்த பெயர்க் குழப்பம். படத்தை நிறுத்தி, ஆங்கிலத்தில் யூ என்றால் என்ன, மீ என்றால் என்ன என்று அப்பாவுக்கு விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சரி, இதில் எங்கே சிரிக்க வேண்டும்?" என்றார். என்னிடம் பதில் இல்லை. அதே பள்ளியில் ஏழரை அடிக்கு மேல் உயரமுள்ள ஒருவரோடு ஜாக்கி மோதும்போது மட்டும் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

முதல் படத்தின் செலவு மூன்றரைக் கோடி டாலருக்குள். இதற்கு 14 கோடி. ஏறத்தாழ நான்கு மடங்கு. அந்தப் பணத்தில் பாரிஸுக்குப் போகிறார்கள், ஈஃபில் கோபுரத்தில் ஏறுகிறார்கள், பிரெஞ்சுக் கொடியைப் பாராசூட்டாக்கிக் குதிக்கிறார்கள். இரும்புச் சட்டங்களுக்கு இடையே வாளோடு நிற்பவர் ஜப்பானின் ஹிரோயுகி சனடா. கண்ணிலேயே மிரட்டக்கூடிய நடிகர். அவரும் ஜாக்கியும் ஒரே அநாதை இல்லத்தில் அண்ணன் தம்பியாக வளர்ந்தவர்கள் என்கிறது கதை. அந்த உறவைப் பேச நேரமில்லை, அடுத்த நக்கலுக்கு ஓட வேண்டியிருக்கிறது. ஜாக்கிக்கு அப்போது 53 வயது. வேகம் குறைந்ததை நான் குறை சொல்லவில்லை. மீதமிருந்த வேகத்தையாவது கேமரா நின்று காட்டியிருக்கலாம். மூத்த நடிகர் மாக்ஸ் வான் சிடோவை முதன்முதலாகப் பார்த்த நொடியிலேயே வில்லன் யார் என்று தெரிந்துவிடுகிறது. இதை நான் சொல்லிவிட்டேன் என்று யாரும் கோபிக்க வேண்டாம், படமே சொல்லிவிடுகிறது.

அமெரிக்கர்களை வண்டியில் ஏற்றவே மறுத்துவிட்டுப் பிறகு தானே அமெரிக்கனாகத் துடிக்கும் டாக்சி ஓட்டுநராக இவான் அட்டால் வருகிறார். சிரித்தது அவருக்குத்தான். முடிவில் பெயர்கள் ஓடும்போது காட்டும், படப்பிடிப்பில் சொதப்பிய காட்சிகளும் நன்றாக இருந்தன. படம் முடிந்த பிறகு வரும் பகுதிக்கா பணம் கட்டினேன்?

மூன்றாவதை மட்டும் திருப்பிக் கொடுக்கலாமா என்று கேட்டு எழுதினேன். தொகுப்பைப் பிரிக்க முடியாது, ஒருமுறை ஓடவிட்டால் பணம் திரும்பாது என்று இரண்டு வரியில் பதில் வந்தது. பிறகுதான் கணக்குப் போட்டேன். முதல் இரண்டையும் தனித்தனியாக வாங்கியிருந்தால் இந்தச் 'சலுகை'யைவிடக் குறைவாகவே ஆகியிருக்கும். நீங்கள் அதையே செய்யுங்கள்.

அந்தக் கணக்கை அப்பாவிடம் சொல்லவில்லை. அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, "அந்த ஜாடிப் படத்தை இன்னொரு தரம் போடு" என்றார்.