தாமான் ரிம்பா கியாரா: நடக்கப் போகிறவர்கள் லயத்தையும் பார்த்துவிட்டு வாருங்கள்

கோலாலம்பூரில் காசு கொடுக்காமல் நிழலில் நடக்க ஓர் இடம் சொல்லுங்கள் என்று யார் கேட்டாலும் நான் தயங்காமல் சொல்வது தாமான் ரிம்பா கியாராதான். தாமான் துன் டாக்டர் இஸ்மாயில், எல்லாரும் டிடிடிஐ என்று சொல்கிற வட்டாரத்தின் ஓரத்தில், புக்கிட் கியாரா அடிவாரத்தில் இருக்கிறது. சுமார் 25 ஏக்கர். நுழைவுக் கட்டணம் கிடையாது. வாரம் முழுக்க அலுவலகத்தில் உட்கார்ந்தே இருப்பவர்களும், முட்டிவலிக்கு நடக்கச் சொல்லி டாக்டர் அனுப்பியவர்களும், குழந்தைகளைக் கைப்பேசியிலிருந்து கொஞ்ச நேரம் பிரிக்க நினைப்பவர்களும் போகலாம்.

எம்ஆர்டி ரயிலில் வருபவர்கள் டிடிடிஐ நிலையத்தில் இறங்கி ஒரு கிராப் வாடகைக் கார் பிடித்துக்கொள்வது நல்லது. நடந்தும் வரலாம், ஆனால் வெயிலில் அந்தத் தூரம் நடந்துவிட்டு அப்புறம் குன்று ஏறுவது பெரியவர்களுக்குச் சிரமம். காரில் வருபவர்கள் வார இறுதியில் விடிந்ததும் வந்துவிடுங்கள். நேரமாகிவிட்டால் சாலையோரம் நிறுத்த இடம் தேட வேண்டியிருக்கும், அந்த அவசரத்தில் யார் வீட்டு வாசலையாவது அடைத்துவிட்டுப் போகாதீர்கள்.

அடிவாரப் பகுதி சமதளம். ஓடை, பெரிய மரங்கள், உட்கார இடம். பாட்டியையும் நாலு வயதுப் பிள்ளையையும் ஒன்றாக அழைத்துப் போகலாம். மேலே போனால் கதை வேறு. ஒற்றையடிப் பாதைகள் குன்று முழுக்கப் பின்னிக்கிடக்கின்றன, பலவற்றை வெட்டித் திருத்தியவர்கள் ட்ராக்ஸ் என்ற மலைச் சைக்கிள் சங்கத்தின் தன்னார்வலர்கள். ஃபிரெண்ட்ஸ் ஆப் புக்கிட் கியாரா என்ற இன்னொரு குழு மரக்கன்று நட்டு வளர்க்கிறது. சம்பளம் இல்லாமல் மண்வெட்டி பிடிக்கும் இந்த மனிதர்களுக்கு நாம் நன்றி சொல்ல வேண்டும். ஆனால் பாதை சைக்கிளுக்கும் நடப்பவர்களுக்கும் பொது என்பதால் காதில் பாட்டு மாட்டிக்கொண்டு நடக்காதீர்கள், வளைவில் சைக்கிள் வந்தால் ஒதுங்க நேரம் வேண்டும். மழை பெய்த மறுநாள் செம்மண் வழுக்கும், பிடிப்புள்ள காலணி கட்டாயம். கொசு மருந்து பூசிக்கொள்ளுங்கள். குரங்குக்கு எதையும் கொடுக்காதீர்கள், பையைத் திறந்து வைத்துக்கொண்டு உட்காராதீர்கள்.

இது வரைக்கும் எந்தப் பூங்காவைப் பற்றியும் எழுதக்கூடியதுதான். கியாராவை நான் மற்ற பூங்காக்களோடு சேர்த்துப் பார்க்காததற்குக் காரணம் அங்கே இன்னும் நிற்கிற ரப்பர் மரங்கள். அம்மா கோல சிலாங்கூர் பக்கம் ஒரு தோட்டத்தில் கல்யாணத்துக்கு முன்பிருந்தே பால் வெட்டியவர். அவரை அழைத்துப் போனபோது ஓடையையும் பார்க்கவில்லை, பூவையும் பார்க்கவில்லை, நேராக ஒரு பழைய பால்மரத்திடம் போய் நின்றுவிட்டார். பட்டையில் சாய்வாக ஓடிய பழைய வெட்டுக் கோடுகள் மூடி வளர்ந்திருந்தன. அதில் ஒரு பக்கம் வழவழப்பாக இருந்தது, மறுபக்கம் முண்டும் முடிச்சுமாக இருந்தது. விரலால் தடவிப் பார்த்துவிட்டு, "இங்க பாரு, இந்தப் பக்கம் வெட்டினவங்க கை நல்ல கை. அந்தப் பக்கம் அவசரத்துல உளி கட்டையில பட்டிருக்கு, காயம் பட்டா பட்டை இப்படித்தான் முண்டு முண்டா வளரும்" என்றார். இருட்டோடு எழுந்து பிரட்டுக்கு, அதாவது காலைப் பெயர் கூப்பிடும் இடத்துக்குப் போய், பால் பிடிக்கும் மங்கு கழுவி, மழை வந்தால் அன்றைய கூலி போச்சே என்று வானத்தைப் பார்த்து வாழ்ந்தவர் யாரோ அந்த மரத்தில் தன் கையெழுத்தை விட்டுப் போயிருக்கிறார். நமக்கு அது வெறும் மரம், அம்மாவுக்கு அது படிக்கத் தெரிந்த ஏடு. தோட்டத்தில் வளர்ந்தவர்கள் வீட்டில் இருந்தால் தயவுசெய்து அவர்களை அழைத்துப் போங்கள். கீழே கிடக்கும் ரப்பர் கொட்டையைச் சிமெண்டில் தேய்த்து அடுத்தவன் தொடையில் சூடு வைத்த கதையெல்லாம் தானாக வெளியே வரும்.

புக்கிட் கியாரா ஒரு ரப்பர் தோட்டமாக இருந்தது, அரசாங்கம் பொதுப் பயனுக்கென்று நிலத்தை எடுத்துக்கொண்டது. தோட்டத்தில் வேலை செய்தவர்களுக்கு லயத்து வீடு, அதாவது தொழிலாளர் வரிசை வீடு, வேலையோடு வந்த சலுகை. வேலை போனால் வீடும் போய்விடும், தாத்தா காலத்திலிருந்து அதே வீட்டில் இருந்திருந்தாலும் பட்டா கிடையாது. அரசு ஊழியருக்கு இருப்பதுபோல் பென்சனும் கிடையாது, கூலியில் பிடித்த ஈபிஎப் சேமநிதி மட்டும்தான், அன்றைய தோட்டக் கூலியில் அது எவ்வளவு சேர்ந்திருக்கும் என்று தோட்டத்துப் பிள்ளைகளுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அப்படி வெளியேற்றப்பட்ட குடும்பங்களை 1980களின் தொடக்கத்தில் ருமா பாஞ்சாங் என்கிற தற்காலிக வரிசை வீடுகளில் கொண்டுவந்து வைத்தார்கள், நிரந்தர வீடு பின்னால் வரும் என்ற வாக்குறுதியோடு. ஏறக்குறைய 100 குடும்பங்கள். அந்த லயம் பூங்காவை ஒட்டியேதான் இருக்கிறது. நாம் ஞாயிற்றுக்கிழமை நடக்கப் போகிற வழியில்தான்.

அதே குன்றில் பணக்காரர்களுக்கான கோல்ஃப் கிளப் இருக்கிறது, குதிரையேற்றக் கிளப் இருக்கிறது, அரசு ஊழியர்களுக்கென்று தனியாக ஒரு கோல்ஃப் கிளப் இருக்கிறது, அரசு அதிகாரிகளுக்குப் பயிற்சி கொடுக்கும் இந்தான் இருக்கிறது. அதிகாரிகளுக்கு விளையாட்டுத் திடல் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. உழைக்கிறவர்களுக்கு ஓய்வும் விளையாட்டும் கிடைப்பது நல்ல விஷயம். ஆனால் ஒரு குன்றுக்குள் இத்தனை பேருக்கு இடம் கண்டுபிடிக்க முடிந்தவர்களுக்கு, அந்தக் குன்றில் பால் வெட்டியவர்களுக்கு நாலு ஏக்கரில் வீடு கட்டிக் கொடுக்க நாற்பது வருடம் போதாமல் போனது எனக்குத் தாங்கவில்லை.

சரி, பூங்கா எப்படிப் பிழைத்தது என்பதையும் சொல்ல வேண்டும். 2017 ஜூலையில் கோலாலம்பூர் டத்தோ பண்டார், அதாவது மேயர், இந்தப் பூங்காவின் பாதி நிலத்தில் கட்டுமானத்துக்கு அனுமதி கொடுத்தார். 42 முதல் 54 மாடி வரை உயரமான 8 அடுக்குமாடிகள், லயத்து மக்களையும் சேர்த்துக்கொள்ளும் 29 மாடிக் கட்டடம் ஒன்று. 2004இல் அரசிதழில் வந்த கோலாலம்பூர் கட்டமைப்புத் திட்டம் 2020 அந்த இடத்தைப் பொதுப் பூங்கா என்று சொல்லியிருந்தது. டிடிடிஐ மக்கள் வழக்குப் போட்டார்கள். 2018இல் உயர்நீதிமன்றத்தில் தோற்றார்கள், 2021 ஜனவரியில் மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் ஜெயித்தார்கள், 2023 ஏப்ரல் 18 அன்று கூட்டரசு நீதிமன்றம் அந்த அனுமதி செல்லாது என்று முடித்துவைத்தது. கட்டமைப்புத் திட்டத்தை விட்டு விலகினால் ஏன் விலகினோம் என்று மாநகர மன்றம் காரணம் சொல்லியாக வேண்டும், பக்கத்தில் குடியிருப்பவர்களுக்குக் கேள்வி கேட்க உரிமை உண்டு என்பது அந்தத் தீர்ப்பின் சாரம். நிலம் வைத்திருந்த அறக்கட்டளையிலும் டத்தோ பண்டார் அங்கம் வகித்ததால் வந்த நலன் முரண்பாட்டையும் நீதிமன்றம் சுட்டிக்காட்டியது. கோலாலம்பூரில் மன்ற உறுப்பினரை நாம் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுப்பதில்லை, டத்தோ பண்டார் நியமிக்கப்படுபவர். அதனால் இந்த ஊரில் பூங்காவுக்கும் குப்பைக்கும் வடிகாலுக்கும் முடிவெடுப்பவர்களைத் தட்டிக்கேட்க நமக்கு இருக்கும் கதவுகள் கொஞ்சம்தான். அதில் ஒன்றை அந்த வழக்கு அகலமாகத் திறந்துவிட்டது, அதை நான் முழு மனதோடு கொண்டாடுகிறேன்.

ஆனால் தீர்ப்பு வந்த அன்றும் லயத்து மக்கள் கையில் வீட்டுச் சாவி இல்லை. அடுக்குமாடித் திட்டம் போனால் வீடும் போய்விடுமே என்று அதை ஆதரித்தவர்கள் அவர்களில் இருந்தார்கள். அவர்களை மரத்தின் எதிரிகள் என்று பேசியவர்களைக் கேட்டிருக்கிறேன், எரிச்சலாக இருந்தது. ஒழுகும் கூரைக்குக் கீழே மூன்றாவது தலைமுறை பிறக்கும்போது யார் வீடு கொடுத்தாலும் வாங்கத்தான் தோன்றும். வழக்குப் போட்ட டிடிடிஐ மக்களே லயம் இருக்கும் இடத்திலேயே அவர்களுக்கு நிரந்தர வீடு கட்டிக் கொடுங்கள் என்றுதான் கேட்டார்கள். பூங்காவா, ஏழை வீடா என்று இரண்டு பக்கத்தையும் மோதவிட்டது இடையில் புகுந்த ஆடம்பரக் கட்டடங்கள்தான். பினாங்கில் இந்தியர்கள் குடியிருந்த கம்போங் புவா பாலா கிராமம் 2009இல் இடிக்கப்பட்டபோது பார்த்தவர்களுக்கு நம் ஆட்களுக்கு வீட்டு மண் எப்படி நழுவுகிறது என்பது புதிதாக இருக்காது.

மதிப்பெண் கேட்டால், பூங்காவுக்கு ஐந்துக்கு ஐந்து. இலவசமாக இவ்வளவு பெரிய நிழலை இந்த நகரத்தில் வேறு எங்கே கொடுக்கிறார்கள்? ஓடையோரப் பாதைக்காக, ஒற்றையடிப் பாதைகளுக்காக, அந்தப் பால்மரங்களுக்காகப் போகலாம். நகர நிர்வாகம் அந்தக் குன்றை ஆண்ட விதத்துக்கு ஐந்துக்கு ஒன்று. அந்த ஒன்றும் எதற்கென்றால், எடுத்த நிலத்தில் ஒரு பகுதியையாவது மரத்தோடு விட்டுவைத்ததற்கு.

போகிறவர்களுக்கு இரண்டு வேண்டுகோள். லயத்துப் பக்கம் நடக்கும்போது படம் எடுக்காதீர்கள், அது மனிதர்கள் குடியிருக்கும் வாசல், வணக்கம் சொல்லிவிட்டுப் போங்கள். நேரமிருந்து அவர்களுக்கும் விருப்பமிருந்தால் பேசுங்கள். அப்புறம், மாநகர மன்றம் ஏதாவது வரைவுத் திட்டத்தைப் பொதுமக்கள் கருத்துக்கு வைத்தால் மரத்தைப் பற்றி மட்டும் எழுதி அனுப்பாதீர்கள். பூங்காவின் 25 ஏக்கரையும் பூங்காவாகவே அரசிதழில் போடுங்கள், லயத்து நிலத்தில் அவர்களுக்கே வீடு கட்டிப் பட்டாவோடு கொடுங்கள் என்று இரண்டையும் ஒரே கடிதத்தில் எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். தமிழில் எழுத வருபவர்கள் தமிழிலும் ஒரு பிரதி வைத்து அனுப்புங்கள், லயத்தில் இருக்கும் பெரியவர்களும் அதை வாசித்துவிட்டுத் தங்கள் பெயரைச் சேர்க்க முடியும்.