எச்.பி.எல்.சி. வைத்திருப்பவர்கள் கவனத்துக்கு: 'பிரஷர் கண்ட்ரோல்' பெட்டி என்று வந்தால் பணம் கொடுக்காதீர்கள்

கோபம் அடங்கியதும் எழுதலாம் என்று அக்கா சொன்னார். அது அடங்குவதற்குள் இன்னும் நாலு பேர் ஏமாந்துவிடுவார்கள், அதனால் இப்போதே எழுதுகிறேன்.

எச்.பி.எல்.சி. என்பது திரவத்தை அதிக அழுத்தத்தில் தள்ளி, சாம்பிளில் உள்ள பொருட்களைப் பிரித்து அளக்கும் கருவி. அதன் பம்புக்கும், சாம்பிளை உள்ளே செலுத்தும் இன்ஜெக்டருக்கும் நடுவில் பொருத்த ஒரு கருப்புப் பெட்டி விற்கிறார்கள். அதைப் போட்டால் பழைய பம்பும் புதுசு மாதிரி ஓடுமாம், அழுத்தமும் ஓட்டமும் இரண்டுமே அசையாதாம். நாங்கள் கொடுத்தது ஜி.எஸ்.டி. சேர்த்து 3,85,000 ரூபாய். பெட்டி வேலை செய்யவில்லை, பணமும் திரும்பவில்லை. விற்றவர் ஆய்வகக் கருவிகளுக்கென்றே நடக்கும் ஓர் இணையச் சந்தையில் 'சரிபார்க்கப்பட்ட விற்பனையாளர்' என்று பச்சை டிக் வாங்கியிருக்கும் டீலர்.

எங்களுடையது ஈரோடு பக்கம் நானும் அக்காவும் நடத்தும் சின்ன லேப். முக்கால்வாசி வேலை மஞ்சள்தான். மஞ்சளின் நிறப் பொருளான குர்குமின் எத்தனை சதவீதம் என்பதை வைத்துத்தான் ஏற்றுமதிக்காரர்கள் விலை பேசுவார்கள், அதனால் அரை சதவீதம் தப்பினாலும் ஒரு லாரி லோடின் விலை மாறிவிடும். சாம்பிளைக் கரைத்து, பொருட்களைத் தனித்தனியாகப் பிரிக்கும் சி18 குழாய்க்குள் அனுப்பி, 425 நானோமீட்டர் ஒளியில் பார்த்தால் மூன்று பீக் (மேடு) வரும். குர்குமினுக்கு உறவான பிஸ்டிமெத்தாக்சி முதலில், டிமெத்தாக்சி அப்புறம், கடைசியாகக் குர்குமின். இதற்கெல்லாம் அடிப்படை ஒன்றுதான்: நிமிடத்துக்கு 1 மில்லி என்று பம்பில் வைத்தால் உண்மையிலேயே 1 மில்லி போக வேண்டும்.

எங்கள் பம்ப் பழசு. இரண்டு பிஸ்டன் மாறி மாறித் தள்ளும் வகை. கரைப்பான் பின்னால் போகாமல் தடுப்பது செக் வால்வ், அதற்குள் சபையர் இருக்கையில் ஒரு சின்ன ரூபி குண்டு உட்கார்ந்திருக்கும். அசிட்டோநைட்ரைல் என்ற கரைப்பானை ஓட்டுகிற லேப்களுக்கு இந்தத் தொல்லை தெரிந்திருக்கும்: குண்டு ஒட்டிக்கொள்ளும், சரியாக மூடாது, ஒவ்வொரு தள்ளுக்கும் அழுத்தம் ஏறி இறங்கும். நல்ல பம்பில் அந்த ஆட்டம் ஓரிரு சதவீதத்துக்குள் இருக்கும். எங்களுடையதில் 120 பாரை (பார் என்பது அழுத்த அலகு) சுற்றி இருபது பார் ஆடியது. புது பம்ப் வாங்க வசதியில்லை. அந்த நேரம் பார்த்துத்தான் இந்த டீலர் வந்தார்.

வந்தவருக்குத் தொழில் தெரியாது என்று சொல்ல மாட்டேன், நன்றாகத் தெரிந்திருந்தது. பையிலிருந்து ஸ்பேனரை எடுத்தார், எங்கள் செக் வால்வைக் கழற்றினார், ஐசோபுரொப்பனாலில் போட்டு சோனிகேட்டரில் வைத்துக் கழுவி மாட்டினார். காசு கேட்கவில்லை. "இதுக்கெல்லாம் காசு வாங்கினா நல்லாருக்குமாங்க சார்" என்றார். அக்காவை "மேடம்" என்று கூடக் கூப்பிடவில்லை, "அக்கா" என்றே கூப்பிட்டார். அக்கா டீ போட்டுக் கொடுத்தார்.

டீ குடித்துக்கொண்டே கதை சொன்னார். 1960-களில் யேல் பல்கலைக்கழகத்தில் ஹங்கேரியில் பிறந்த சாபா ஹோர்வாத் அதிக அழுத்தத்தில் திரவத்தைத் தள்ளிப் பிரித்துக் காட்டியது, 2004-ல் 15,000 பி.எஸ்.ஐ. அழுத்தம் வரை தாங்கும் அமைப்பு சந்தைக்கு வந்தது, கரியமில வாயுவை வைத்துப் பிரிக்கும் முறையில் அழுத்தம் 74 பாருக்குக் கீழே இறங்கினால் வாயுவுக்கும் திரவத்துக்கும் இடைப்பட்ட அதன் நிலையே கலைந்துவிடும் என்பதால் வெளியேறும் முனையில் பின்னழுத்த வால்வ் வைப்பது. இதில் ஒன்றுகூடப் பொய்யில்லை, அக்காவுக்கு எல்லாமே தெரிந்த விஷயம்தான். உண்மையான கண்டுபிடிப்புகளின் வரிசையில் கடைசியாகத் தன் பெட்டியைக் கொண்டுபோய் வைத்தார். "அவங்க எல்லாம் பம்பை மாத்தினாங்க சார், நாங்க பம்புக்கு வெளியே தீர்வு கண்டுபிடிச்சிருக்கோம். பேட்டன்ட் வாங்கியாச்சு" என்று பெட்டியின் பின்பக்கத் தகட்டைத் திருப்பிக் காட்டினார். பன்னிரண்டு இலக்க எண் பொறித்திருந்தது.

டெமோவும் காட்டினார். எங்கள் சி18 குழாயைக் கழற்றிவிட்டு, அவர் கொண்டுவந்த மெல்லிய உருக்குச் சுருளை மாட்டி, வெறும் தண்ணீர் ஓட்டினார். அழுத்தம் காட்டும் கோடு நேராக வந்தது. "உங்க குழாயில் போட்டா சமநிலைக்கு வர ரொம்ப நேரமாகும், நாளைக்கு நீங்களே ஓட்டிப் பாருங்க" என்று சொல்லி நிறுவல் அறிக்கையில் கையெழுத்து வாங்கிக்கொண்டார். அந்தக் கையெழுத்து பதிவேறியதும் இணையச் சந்தை அவருக்கு 3,85,000 ரூபாயை விடுவித்துவிட்டது. இந்த ஏற்பாடு எங்களுக்குச் சொல்லப்படவே இல்லை.

எங்கள் குழாயை மாட்டி ஓட்டியதும் பம்பின் சொந்த அளவி 220-ஐத் தாண்டியது. பெட்டியின் திரையில் மட்டும் 118 பார். காலையில் ஸ்டாண்டர்டு (அளவு தெரிந்த ஒப்பீட்டுச் சாம்பிள்) போட்டபோது 9 நிமிடத்தில் வந்த குர்குமின், மதியம் சாம்பிளில் 10 நிமிடத்தில் வந்தது. எங்கள் கெமிஸ்ட் பெண் அதைப் பார்த்ததுமே ரிப்போர்ட்டை நிறுத்தினாள். அந்த லாட்டில் கணக்குப்படி 3.6 சதவீதம். வேறு லேபுக்கு அனுப்பிப் பார்த்தோம், 3.2.

காரணம் இதுதான். அளவு ஜாடியும் ஸ்டாப்வாட்சும் வைத்துப் பிடித்துப் பார்த்தோம். பத்து நிமிடத்தில் 10 மில்லி வர வேண்டிய இடத்தில் 9 மில்லிதான் வந்தது. பெட்டி சும்மா கூடுதல் அழுத்தம் ஏற்றியது, தேய்ந்துகொண்டிருந்த பிஸ்டன் சீல் அந்தச் சுமையில் கசிய ஆரம்பித்துவிட்டது. ஓட்டம் பத்தில் ஒரு பங்கு குறைந்தால் பீக் தாமதமாக வருவது மட்டுமில்லை. அதே பொருள் டிடெக்டரைக் கடக்க அதிக நேரம் எடுத்துக்கொள்வதால் பீக்கின் பரப்பும் கூடும், சதவீதத்தைக் கணக்கிடுவது அந்தப் பரப்பை வைத்துத்தான். ஸ்டாண்டர்டு ஒரு ஓட்டத்தில், சாம்பிள் வேறு ஓட்டத்தில் என்றால் குர்குமின் கூடாமலே சதவீதம் ஏறும். அந்த ரிப்போர்ட் வெளியே போயிருந்தால் எங்கள் லேபின் பெயர் என்ன ஆகியிருக்கும்?

எங்கள் கெமிஸ்ட்தான் இன்னொரு சோதனையும் செய்தாள். ஓட்டத்தை 1 மில்லியிலிருந்து 0.5-க்குக் குறைத்தாள். குழாய்க்குள் அழுத்தம் ஓட்டத்துக்கு ஏற்றபடிதான் இருக்கும், ஓட்டம் பாதியானால் குழாயின் அழுத்தமும் கிட்டத்தட்ட பாதியாக வேண்டும். பம்பின் அளவி இறங்கியது. பெட்டியில் 118. பம்பையே நிறுத்தினாள். அப்போதும் 118.

"அழுத்தமும் நிலை, ஓட்டமும் நிலை" என்ற வாக்குறுதியே நடக்காத காரியம். குழாய் கொஞ்சம் அடைத்தாலோ அறையின் சூடு மாறினாலோ எதிர்ப்பு மாறும். அப்போது ஓட்டத்தை நிலையாகப் பிடித்தால் அழுத்தம் மாறியே தீரும், அழுத்தத்தை நிலையாகப் பிடித்தால் ஓட்டம் மாறியே தீரும். இரண்டையும் சேர்த்துப் பிடிக்கும் பெட்டி என்று யார் வந்தாலும் வாசலிலேயே அனுப்பிவிடுங்கள்.

டீலருக்குப் போன் செய்தோம். "கரைப்பான்ல காத்து இருக்குங்க சார், டீகாஸ் பண்ணுங்க" என்றார். செய்தோம். "உங்க யு.பி.எஸ். சரியில்லை போல." எலக்ட்ரீஷியனை வரவைத்துப் பார்த்தோம், அதில் குறையில்லை. "இன்ஜினியர் ஹைதராபாத்ல இருக்காரு, திங்கட்கிழமை வருவாரு." எந்தத் திங்கள் என்று சொல்லவில்லை. அப்புறம் சொன்னதுதான் எனக்குப் பொறுக்கவில்லை: "உங்க பம்ப் பழசு சார், அதுக்கு எங்க பெட்டி என்ன பண்ணும்?" பழைய பம்புக்காகத்தானே ஐயா விற்றீர்கள்! அக்கா பேசிப் பார்த்தார். "அக்கா" என்று கூப்பிட்டவர் இப்போது "மேடம், மெயில் போடுங்க" என்றார். மெயிலுக்குப் பதில் இல்லை. வாட்ஸ்அப்பில் நீல டிக் மட்டும் விழுகிறது.

இணையச் சந்தையில் புகார் கொடுத்தால், "நாங்கள் இடைத்தரகர் மட்டுமே, நிறுவல் அறிக்கையில் கையெழுத்து இருப்பதால் புகார் முடித்துவைக்கப்பட்டது" என்று ஒரே வரி. திரும்பத் திறக்கச் சொன்னோம், அதே வரி மறுபடி வந்தது. பச்சை டிக் எதைச் சரிபார்த்துக் கொடுத்தது என்று கேட்டேன். டீலருடைய ஜி.எஸ்.டி. எண்ணையாம். அவ்வளவுதான். அந்தப் பச்சை டிக்கைப் பார்த்துத்தான் 3,85,000 ரூபாய் போட்டோம்.

வாரன்டி போய்விடும் என்ற ஸ்டிக்கரைக் கிழித்துப் பெட்டியைத் திறந்தோம். உள்ளே ஒரு உருக்குச் சுருள், ஒரு ஸ்பிரிங் வால்வ், அவ்வளவே. திரைக்குத் தனியாக ஒரு சின்ன பேட்டரி. அழுத்த உணரி கிடையாது, திரையிலிருந்து திரவப் பாதைக்கு ஒரு வயர்கூடப் போகவில்லை. சுருளும் ஸ்பிரிங்கும் துடிப்பைக் கொஞ்சம் மட்டுப்படுத்தும், பின்னழுத்தம் இருந்தால் செக் வால்வும் கொஞ்சம் இறுக்கமாக மூடும். டெமோவில் கோடு நேராக வந்தது அதனால்தான். சில ஆயிரம் ரூபாய் பொருளை 3,85,000-க்குக் கட்டிவிட்டார்கள்.

பேட்டன்ட் கதையையும் தேடினோம். பன்னிரண்டு இலக்க எண் என்பது விண்ணப்ப எண். 2019-ல் ஆரம்பித்து அடுத்து 4 என்று இருந்தது, அதாவது அந்த ஆண்டு சென்னை அலுவலகத்தில் போட்ட விண்ணப்பம். கட்டணம் கட்டினால் யார் வேண்டுமானாலும் விண்ணப்பிக்கலாம். 18 மாதம் கழித்து அது வெளியிடப்படும்போது அது உண்மையில் புதியதா, வேலை செய்யுமா என்று யாரும் பரிசோதித்திருக்க மாட்டார்கள். பரிசோதனைக்குத் தனியாகக் கேட்க வேண்டும், இவர்கள் கேட்கவே இல்லை. கெடு தாண்டியதால் பிரிவு 11பி-யின்படி விண்ணப்பம் திரும்பப் பெறப்பட்டதாகவே கருதப்படும் என்று காப்புரிமை அலுவலகத்தின் இணையதளத்திலேயே போட்டிருக்கிறது. ஆக, பேட்டன்ட் கிடையாது. இல்லாத பேட்டன்டை இருப்பதாகச் சொல்லி விற்பது காப்புரிமைச் சட்டம் பிரிவு 120-ன்படி அபராதத்துக்குரியது. இதையும் சேர்த்துத்தான் போலீஸில் புகார் எழுதிக் கொடுத்திருக்கிறோம்.

1915 நுகர்வோர் உதவி எண்ணிலும் பேசினோம். தொழிலுக்கு வாங்கிய பொருள் என்றால் 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் நுகர்வோர் என்ற வரையறைக்குள் வருவது சிரமம், சொந்தப் பிழைப்புக்கான சுயதொழில் என்று காட்ட முடிந்தால் வழி உண்டு என்றார்கள். வக்கீல் அதைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

என்ன செய்ய வேண்டும் என்று விரிவாக எழுத நினைத்தேன், ஸ்டேஷனிலிருந்து கூப்பிடுகிறார்கள். அவசரத்துக்கு இவ்வளவுதான். டெமோ உங்கள் குழாயில், உங்கள் கரைப்பானில் மட்டும் நடக்கட்டும். ஓட்டத்தைப் பாதியாக்கி அழுத்தம் இறங்குகிறதா பாருங்கள். அளவு ஜாடியில் பத்து நிமிடம் பிடித்துப் பார்க்காமல் எந்தத் தாளிலும் கையெழுத்து வேண்டாம். பேட்டன்ட் என்றால் எண்ணை இணையத்தில் போட்டு நிலை என்ன என்று பாருங்கள், அது இலவசம். பம்ப் துடித்தால் முதலில் செக் வால்வையும் சீலையும் மாற்றுங்கள்.

அந்த டீலர் இன்று வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் இன்னொரு லேபில் டெமோ காட்டும் படம் போட்டிருக்கிறார். மேஜை மேல் அதே கருப்புப் பெட்டி. அந்த லேப் நாமக்கல்லில் என்று கேள்விப்பட்டேன். அவர்களைத் தெரிந்தவர்கள் யாராவது இருந்தால் உடனே சொல்லிவிடுங்கள், நிறுவல் அறிக்கையில் கையெழுத்துப் போட வேண்டாம் என்று. திறந்த பெட்டியின் படங்கள் என்னிடம் இருக்கின்றன, கேட்டால் அனுப்புகிறேன்.