அரண்மனை பார்க்கக் காதில் கருவியா, பக்கத்தில் ஆளா?

வரும் ஆண்டிறுதி விடுமுறைக்கு மலேசியாவில் எங்கள் தாமானிலிருந்து (குடியிருப்பிலிருந்து) இரண்டு குடும்பங்கள் இந்தியா போகின்றன. இரண்டு பயணத்திட்டத்திலும் மைசூர் அரண்மனை இருக்கிறது. எங்கள் ஊரான பத்து காஜாவின் சந்தையில் என்னைப் பார்க்கும்போதெல்லாம் ஒரே கேள்விதான்: "அங்கே காதில் மாட்டிக்கொண்டு கேட்கிற கருவி கொடுக்கிறார்களாமே, அதை எடுப்பதா, ஆளை வைத்துக்கொள்வதா?" நின்ற இடத்தில் பதில் சொல்லி முடிக்க முடியவில்லை. அதனால் எழுதுகிறேன்.

நாங்கள் போனபோது நான் கருவியை எடுத்துக்கொண்டேன். அம்மாவும் அண்ணியும் தமிழ் பேசும் வழிகாட்டி ஒருவருடன் போனார்கள். அண்ணன் மகன் அங்கும் இங்குமாக ஓடிக்கொண்டிருந்தான். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே நுழைந்ததும் நாங்கள் பிரிந்துவிட்டோம்.

கருவியில் எண்ணை அழுத்தினால் அந்த இடத்துக்குரிய கதை தொடங்கும். அதன் பெரிய பலம் நிதானம். கல்யாண மண்டபத்தில் நான் இருபது நிமிடத்துக்கும் மேல் நின்றேன். எண்கோண மண்டபம், அண்ணாந்து பார்த்தால் மயில்கள் தோகை விரித்த வண்ணக் கண்ணாடிக் கூரை. கண்ணாடியும் அதைத் தாங்கும் வார்ப்பிரும்புத் தூண்களும் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவிலிருந்து கப்பலில் வந்தவை. 1897-இல் இளவரசி ஜெயலட்சம்மணியின் திருமணத்தின்போது பழைய மர அரண்மனை தீப்பிடித்து எரிந்தது. மன்னர் அப்போது சிறுவர். ஆட்சிப் பொறுப்பில் இருந்த மகாராணி, புதிய அரண்மனை கட்டும் வேலையை ஹென்றி இர்வினிடம் கொடுத்தார். சென்னை உயர் நீதிமன்றக் கட்டடத்தில் வேலை செய்த அதே இர்வின். 1912-இல் இந்த அரண்மனை முடிந்தது. நாற்பத்தொரு லட்சத்துச் சொச்சம் ரூபாய் செலவு. ஆண்டு ஒன்று தவறிப்போனால் பின்னால் போய் மறுபடி கேட்கலாம். சுவரில் இருக்கும் தசரா ஊர்வல ஓவியங்களில் உள்ள முகங்கள் நிஜ மனிதர்களுடையவை என்று கேட்டதும், குரலை நிறுத்திவிட்டு ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டே நகர்ந்தேன். யாரும் என்னை அவசரப்படுத்தவில்லை. ஆளோடு போயிருந்தால் அந்த இருபது நிமிடம் கிடைத்திருக்காது என்று உறுதியாகச் சொல்வேன்.

அம்மாவுக்கு ஆங்கிலம் தெரியாது. அவர் காதில் என் கருவியை மாட்டியிருந்தால் வெறும் சத்தம்தான் கேட்டிருக்கும். வழிகாட்டி தமிழில் பேசியதால் அம்மா கேள்வி கேட்டார். "பெண்கள் எங்கே உட்கார்ந்து கல்யாணத்தைப் பார்த்தார்கள்?" என்பது முதல் கேள்வி. வழிகாட்டி மேலே கையைக் காட்டினார்; அரச குடும்பத்துப் பெண்கள் மாடத்திலிருந்து பார்ப்பார்களாம். அம்மா நெடுநேரம் அந்த மாடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார் என்று அண்ணி பிறகு சொன்னார். கருவியில் கேள்வி கேட்க வழியில்லை. அதன் பெரிய குறை இதுதான். அது சொல்ல நினைத்ததைச் சொல்லும். நாம் அறிய நினைப்பது அதற்குத் தெரியாது.

தங்க அம்பாரியிடம் வந்தபோது வழிகாட்டி இன்னும் நன்றாகச் சொல்லியிருக்கிறார். சுமார் 750 கிலோ எடை. மரச்சட்டத்தின்மேல் தங்கத் தகடு. முன்பு தசராவில் மகாராஜா அதில் வீற்றிருப்பார். இப்போது சாமுண்டீஸ்வரி அம்மன் போகிறாள். மகாராஜாவின் இடத்தில் அம்மன் அமர்ந்துவிட்டாள் என்று அம்மா இன்றைக்கும் கோயிலில் பக்கத்து வீட்டுக்காரர்களிடம் சொல்லிக்கொண்டிருக்கிறார். நானும் அதே செய்தியைக் கருவியில் கேட்டேன். ஆனால் அதை யாரிடமும் சொல்ல வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை.

ஆனால் அந்த வழிகாட்டியிடம் எனக்கு வருத்தமும் உண்டு. முதல் பாதியில் பொறுமையாக வந்தவர், பிற்பாதியில் அடுத்த கூட்டத்தைப் பிடிக்கும் அவசரத்தில் ஓடத் தொடங்கினார். அம்மாவுக்கு முழங்கால் வலி. படி ஏறி அவர் மேலே வருவதற்குள் தர்பார் மண்டபத்தின் விளக்கம் பாதி முடிந்துவிட்டது. கடைசியில் அரண்மனையைவிடச் சந்தனச் சோப்புக் கடையைப் பற்றித்தான் அதிகம் பேசினார். கருவி யாரையும் கடைக்கு அழைத்துப் போகாது.

பிள்ளைகளுக்குக் கருவி ஆகாது. ஐந்தாவது எண்ணிலேயே அண்ணன் மகன் ஹெட்போனைக் கழற்றி என்னிடம் கொடுத்துவிட்டான். இன்னொன்றும் சொல்ல வேண்டும்: வீட்டில் எல்லோரும் ஆளுக்கொரு கருவி மாட்டிக்கொண்டால் ஒருவரோடு ஒருவர் பேச்சே இருக்காது. விலையைப் பொறுத்தவரை, நான்கைந்து பேர் சேர்ந்து போனால் ஆள்தான் சிக்கனம். தனியாகப் போனால் கருவி. அறிவிப்புப் பலகைகளை மட்டும் நம்பிப் போகாதீர்கள். பெயரும் ஆண்டும் கிடைக்கும், வேறொன்றும் கிடைக்காது.

மைசூருக்கு இவ்வளவு போதும். ஆனால் என் மனம் இந்த ஒப்பீட்டில் நின்றுவிடவில்லை. காரணம், நம் ஊர்ப் பக்கத்திலேயே ஒரு மாளிகை இருக்கிறது.

கோப்பெங் சாலையில் போகும்போது ஆற்றங்கரையில் தெரியும் கெல்லிஸ் காசலைச் சொல்கிறேன். வில்லியம் கெல்லி ஸ்மித் 1870-இல் ஸ்காட்லாந்தில் பிறந்தவர். இருபது வயதில் மலாயாவுக்கு வந்து, பேராக் மாநிலத்துக் கிந்தாவில் ஆயிரம் ஏக்கர் காட்டை வாங்கி, கித்தா (ரப்பர்) போட்டவர். 1915-இல் மகன் பிறந்ததும் இந்தப் பெரிய மாளிகையைக் கட்டத் தொடங்கினார். ஆறு மாடிக் கோபுரத்தில் மலாயாவின் முதல் லிஃப்டைப் பொருத்த நினைத்தார். 1926-இல் லிஸ்பனில் நிமோனியாவால் இறந்துபோனார். மாளிகை முடியவே இல்லை. இவ்வளவையும் கைப்பேசியில் இறக்கிக்கொண்ட ஓர் ஆங்கில ஒலிப்பதிவு எனக்குச் சொன்னது. தெளிவான குரல், சரியான ஆண்டுகள். ஸ்மித்தின் பிறப்பில் தொடங்கி அவர் இறப்பில் முடிந்தது. எழுபது தொழிலாளர்களை மெட்ராஸிலிருந்து வரவழைத்தார் என்பது நடுவில் ஒரே ஒரு வாக்கியம். அடுத்த வாக்கியம் இத்தாலியப் பளிங்குக்குப் போய்விட்டது. கிளாஸ்கோவிலிருந்து மைசூருக்குக் கண்ணாடி போன சில ஆண்டுகளிலேயே, மெட்ராஸிலிருந்து செங்கல்லும் ஆட்களும் ஒரு ஸ்காட்லாந்துக்காரரின் மாளிகைக்காக இங்கே வந்திருக்கிறார்கள். படிக்கட்டில் நின்று அந்த ஒரு வாக்கியத்தை மூன்று முறை திருப்பிக் கேட்டேன். மூன்று முறையும் எழுபதுக்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை.

இரண்டாம் முறை, எங்கள் பக்கத்துத் தோட்டத்தில் மண்டோராக (மேற்பார்வையாளராக) இருந்து ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவரைக் காரில் அழைத்துக்கொண்டு போனேன். வயது எண்பதுக்கு மேல். மாளிகை வாசலில் வண்டியை நிறுத்தப் போனேன். "முதலில் கோயிலுக்குப் போ தம்பி" என்றார். மாளிகையிலிருந்து ஒன்றரைக் கிலோமீட்டர் தூரத்தில் இருக்கும் மாரியம்மன் கோயில். முதல் உலகப் போர் முடிந்த சமயம் ஸ்பானிஷ் காய்ச்சல் வந்து கட்டுமான வேலைக்கு வந்தவர்கள் கொத்துக்கொத்தாக இறந்தார்கள். மிச்சமிருந்தவர்கள் துரை ஸ்மித்திடம் போய் அம்மனுக்குக் கோயில் வேண்டும் என்று கேட்டார்கள், துரையும் கட்டிக்கொடுத்தார். அந்த நன்றிக்காகக் கோயிலின் மேலே தெய்வங்களுக்கு நடுவே வெள்ளை உடுப்புப் போட்ட துரையின் சிலையையும் வைத்தார்கள். பெரியவர் அதைச் சுட்டிக்காட்டிவிட்டு, "இவருக்குச் சிலை இருக்கிறது. செத்தவர்களுக்கு இந்தக் கோயில்தான் இருக்கிறது" என்றார்.

பிறகுதான் மாளிகைக்கு வந்தோம். பூச்சு விழுந்த சுவரில் செங்கல்லைத் தடவிக்கொண்டே, சுண்ணாம்பு குழைத்தது யார், தலைச்சுமையாக மேலே ஏற்றியது யார், பெரட்டில் (வேலைக்கு முன் ஆள் எண்ணும் இடத்தில்) பெயர் கூப்பிட்டது யார் என்று பேசிக்கொண்டு வந்தார். லிஃப்டுக்காக விட்டிருந்த அந்தக் காலிக் குழியை எட்டிப் பார்த்தபோது மட்டும் ஒன்றும் பேசவில்லை.

நியாயமாக இதையும் சொல்லியாக வேண்டும்: பெரியவர் சொன்னதில் தவறுகள் இருந்தன. துரை கப்பலில் இறந்தார் என்றார். லிஃப்ட் கடலில் மூழ்கியது என்றார். சுரங்கப்பாதையைப் பற்றிச் சொன்னதில் பாதி சிறுவயதில் லயத்தில் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளில்) கேட்ட பேய்க்கதை. ஒலிப்பதிவை முன்பே கேட்டிருந்ததால் எது எங்கே கலந்திருக்கிறது என்று எனக்குப் பிடிபட்டது. கேட்டிருக்காவிட்டால் எல்லாவற்றையும் அப்படியே என் பிள்ளைகளுக்குச் சொல்லியிருப்பேன்.

ஆகவே மைசூர் போகும் இரண்டு குடும்பங்களுக்கும் என் பதில் வேறு வேறு. ஆங்கிலம் தெரிந்த, நின்று பார்க்கும் பொறுமையுள்ள வீட்டுக்காரர்கள் கருவியை எடுக்கட்டும். பாட்டியும் மூன்று பிள்ளைகளும் போகும் வீட்டில் ஆளை வைத்துக்கொள்ளுங்கள். கடைக்குப் போவதில்லை என்பதையும், பாட்டி வந்து சேரும்வரை காத்திருக்க வேண்டும் என்பதையும் வாசலிலேயே பேசிக்கொள்ளுங்கள். ஞாயிற்றுக்கிழமை மாலை மைசூரில் இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். ஏறத்தாழ ஒரு லட்சம் விளக்குகள் ஒரே நேரத்தில் எரியும்போது யாருடைய விளக்கமும் தேவைப்படாது.

கெல்லிஸ் காசலுக்கு நான் கருவியை மட்டும் சிபாரிசு செய்ய மாட்டேன். வீட்டிலேயே ஆங்கிலப் பதிவைக் கேட்டுவிட்டு, தோட்டத்தில் வேலை செய்த ஒருவரோடு போங்கள். அப்படிப்பட்டவர்கள் நம் தாமானிலேயே ஐந்தாறு பேர்தான் மிச்சம் இருக்கிறார்கள். தோட்டமெல்லாம் செம்பனையாகிவிட்டது (எண்ணெய்ப்பனை); லயங்களும் இடிந்துவிட்டன.

போன மாதம் பெரியவரைக் கோயில் படியில் உட்கார வைத்து என் கைப்பேசியில் பேசச் சொன்னேன். தவறான ஆண்டுகளை நான் தனியாகத் திருத்தி முன்னால் சொல்லிவிடுவேன்; அவர் பேச்சில் கைவைக்க மாட்டேன். முதல் பதிவு பதினான்கு நிமிடம். நடுவில் பூசை மணி அடிக்கிறது, ஒரு செம்பனை லாரி போகிறது. லாரி போய் முடியும்வரை பேச்சை நிறுத்திக் காத்திருந்துவிட்டு, "ம், எங்கே விட்டேன்?" என்கிறார்.