இறந்தவர் கையெழுத்திட்ட பல்சர்

போன வாரம் என் அக்காவின் மகன் அழைத்தான். தெஹிவளையில் ஒரு பழைய ஹோண்டா டியோ ஸ்கூட்டர் பார்த்திருக்கிறானாம். விலை நல்ல விலையாம், இரண்டு நாளுக்குள் முடித்துவிட வேண்டுமாம். "பேப்பர் எப்படி?" என்று கேட்டேன். "ஓபன் பேப்பர்தான் மாமா, அதில் ஒன்றும் பிரச்சினையில்லை" என்றான். 2021 ஒக்டோபரில் இதையே நான் என் மனைவியிடம் சொன்னேன். அதனால்தான் இதை எழுதுகிறேன். என் முட்டாள்தனமும் இதில் வரும், அதை மறைக்கப் போவதில்லை.

அந்த ஒக்டோபரில்தான் ஊரடங்கை எடுத்திருந்தார்கள். கொட்டாஞ்சேனையிலிருந்து வேலைக்குப் போக பஸ்ஸில் ஏறவே பயமாக இருந்தது. 2020 மார்ச்சிலிருந்து வாகன இறக்குமதி நின்றுபோயிருந்ததால் புது மோட்டார் சைக்கிள் பற்றி நினைக்கவே முடியாது, பழையவற்றின் விலையோ வாரத்துக்கு வாரம் ஏறியது. தெமட்டகொடையில் 2015ஆம் ஆண்டுப் பல்சர் ஒன்று இரண்டு இலட்சத்து எண்பதாயிரத்துக்கு இருப்பதாகத் தெரியவந்தது. தெரிந்த மெக்கானிக் ஒருவரையும் அழைத்துக்கொண்டு போனேன்.

விற்றவனுக்கு இருபத்தைந்து வயது இருக்கலாம். "வாருங்கள் அண்ணா" என்று அன்பாக வரவேற்று, பிளேன் டீயும் வாங்கித் தந்தான். மெக்கானிக் முக்கால் மணி நேரம் வண்டியைச் சோதித்தார். செயினை இழுத்துப் பார்த்தார், முன் ஃபோர்க்கை அமுக்கிப் பார்த்தார், புகையின் நிறத்தைப் பார்த்தார், ஹேண்டில் கழுத்தில் அடித்திருந்த சேஸ் இலக்கத்தைத் துணியால் துடைத்து வண்டியின் பதிவுப் புத்தகத்தோடு ஒப்பிட்டார். எல்லாம் சரி. பேப்பர் பார்த்தது நான். ஐந்து நிமிடம். புறக்கோட்டையில் ஒரு மொத்தக் கடையின் கணக்குப் பிரிவில் பத்து வருடமாகப் பற்றுச்சீட்டும் காசோலையும் சரிபார்ப்பதுதான் என் வேலை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

ஓபன் பேப்பர் என்றால் என்னவென்று கொழும்பில் பைக் வாங்கியவர்களுக்கு விளக்கத் தேவையில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். புத்தகத்தில் பெயருள்ளவர் உரிமை மாற்றப் படிவத்தில் கையெழுத்தை மட்டும் போட்டுத் தருவார். வாங்குபவரின் பெயரும் திகதியும் வெறுமையாக இருக்கும். அந்தப் படிவம் கைமாறிக் கைமாறிப் போகும், ஐந்தாவது ஆள் ஓட்டும்போதும் புத்தகத்தில் முதலாமவரின் பெயர்தான். நாரஹேன்பிட்டியிலுள்ள மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்துக்கு அலையத் தேவையில்லை, கட்டணம் மிச்சம், விற்கும்போது "ஒரே கைதான் மாறியது" என்றும் சொல்லிக்கொள்ளலாம். சட்டம் சொல்வதோ வேறு. 1951ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க மோட்டார் வாகனச் சட்டத்தின்படி, விற்றவர் திணைக்களத்துக்கு அறிவிக்க வேண்டும், வாங்கியவர் 14 நாளுக்குள் தன் பெயருக்கு மாற்ற விண்ணப்பிக்க வேண்டும். எனக்கு அது தெரியாது. தெரிந்திருந்தாலும் அன்று செய்திருப்பேனா என்பது சந்தேகமே.

அவன் தந்தவை மூன்று: புத்தகம், கையெழுத்திட்ட படிவங்கள், உரிமையாளரின் அடையாள அட்டைப் பிரதி. "இவர் யார்?" என்று ஒரு வார்த்தை கேட்டேன். "எங்கள் மாமா முறை அண்ணா, ஊரில் இருக்கிறார்" என்றான். பணத்தை எண்ணிக் கொடுத்தேன். பற்றுச்சீட்டு எழுதி வாங்கவில்லை. அவனுடைய அடையாள அட்டையையும் பார்க்கவில்லை.

பத்து மாதம் ஒன்றும் நடக்கவில்லை. வருமான அனுமதிப்பத்திரம் முடிந்தபோது காப்புறுதியும் புகைப் பரிசோதனைச் சான்றிதழும் கொடுத்துப் புதுப்பித்துக்கொண்டேன். உரிமையாளர் யாரென்று ஒருவரும் கேட்கவில்லை. ஓபன் பேப்பரில் வருடக்கணக்காக ஓட்டுகிறவர்களுக்கு இதனால்தான் துணிச்சல் வருகிறது.

2022 ஓகஸ்டில் பெற்றோல் பங்கீட்டுக்குக் கியூஆர் முறை வந்தது. மோட்டார் சைக்கிளுக்கு வாரத்துக்கு 4 லீற்றர். வண்டி இலக்கத்தையும் சேஸ் இலக்கத்தையும் பதிந்தேன். இந்த வாகனம் ஏற்கெனவே பதிவு செய்யப்பட்டுள்ளது என்று திரை சொன்னது. இரண்டு இலக்கங்களும் புத்தகத்தில் இருக்கின்றன, அந்தப் புத்தகத்தை என்னிடம் தருவதற்கு முன் எத்தனை பேர் படமெடுத்து வைத்திருந்தார்களோ. என் வண்டிக்குரிய 4 லீற்றரை வாராவாரம் யார் அடித்துக்கொண்டு போனார் என்று இன்றுவரை தெரியாது. விற்றவனை அழைத்தேன். அந்த எண் பாவனையில் இல்லை.

அன்றிரவுதான் அந்த அடையாள அட்டைப் பிரதியை உருப்படியாகப் பார்த்தேன். பழைய ஒன்பது இலக்க அட்டை. முதல் இரண்டு இலக்கங்கள் பிறந்த ஆண்டைக் காட்டும் என்பது இந்த நாட்டில் பள்ளிப் பிள்ளைக்கும் தெரியும். அதில் இருந்தது 39. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தொன்பதில் பிறந்தவர். அப்படியானால் நான் வாங்கியபோது அவருக்கு 82 வயது. எண்பத்திரண்டு வயதில் பல்சர் விற்ற மாமா! படிவத்தைக் கையிலெடுத்தேன். அட்டையிலிருந்த கையெழுத்து நடுங்கிய, சாய்ந்த எழுத்து. படிவத்திலிருந்தது நிமிர்ந்து துள்ளும் இளைஞனின் கையெழுத்து. இரண்டும் பத்து மாதமாக ஒரே கோப்பில், ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்தன.

புத்தகத்திலிருந்த முகவரி வத்தளைப் பக்கம். அடுத்த ஞாயிற்றுக்கிழமை போனேன். ஒரு வயதான அம்மா கதவைத் திறந்தார். நான் பெயரைச் சொன்னதும் ஒன்றும் பேசாமல் சுவரைக் காட்டினார். திரு இருதயப் படத்துக்குப் பக்கத்தில், பிளாஸ்டிக் மாலை போட்ட சட்டத்துக்குள் அவர் இருந்தார். கீழே மறைந்த ஆண்டு: 2018.

பேரனுக்காகத் தாத்தாவின் பெயரில் எடுத்த வண்டி அது. தாத்தா இறந்த பிறகு பேரன் யாருக்கோ விற்றிருக்கிறான், கையெழுத்தையும் அவனே போட்டிருக்கிறான். வாங்கியவர் இன்னொருவருக்கு விற்க, அவரிடமிருந்து தெமட்டகொடைக்கு வந்திருக்கிறது. நடுவில் எத்தனை கை என்று அந்த அம்மாவுக்கும் தெரியவில்லை. "மகனே, அந்த வண்டியால் எங்களுக்கும் பொலிஸ் கடிதம் வந்தது" என்றார் தமிழில். யாரோ ஓட்டிய குற்றத்துக்கு, இறந்தவரின் பெயருக்கு அழைப்பு. ஓபன் பேப்பரில் விற்பவர்கள் இந்த இடத்தைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும். அந்த வண்டி நாளைக்கு ஒருவரை அடித்துவிட்டுப் போனால் பொலிஸார் முதலில் தட்டுவது புத்தகத்தில் இருக்கும் முகவரியின் கதவைத்தான்.

சட்டத்தரணி ஒருவரிடம் போனேன். படிவத்தைப் பார்த்துவிட்டு மேசையின் மறுபக்கத்துக்குத் தள்ளினார், தொடக்கூடாததைத் தொட்டவர்போல. "இதை நிரப்பிக் கொடுத்தால் போலி ஆவணம் கொடுத்தவர் நீங்கள்தான். எழுதியவன் யாரென்று தேட மாட்டார்கள்" என்றார். பிறகு நடந்தவற்றை நீட்ட விரும்பவில்லை. பொலிஸில் முறைப்பாடு, மரணச் சான்றிதழ், அம்மாவினதும் பிள்ளைகளினதும் சத்தியக் கடதாசிகள். ஒரு மகன் இத்தாலியில். அவர் 2023 நத்தாருக்கு வந்துதான் கையெழுத்திட்டார். அதுவரை பல்சர் முற்றத்தில் தார்ப்பாயின் கீழ் நின்றது, பற்றரி இரண்டு தடவை செத்தது. சட்டத்தரணிக்கும் அலைச்சலுக்குமாக எழுபதாயிரத்துக்கு மேல் போனது. அந்தக் குடும்பம் மனம் வைத்திருக்காவிட்டால் பெயர் மாற்றமே நடந்திருக்காது, அவர்களுக்கு எனக்கு உதவ வேண்டிய கடமை எதுவுமில்லை. விற்றவன் இன்றுவரை கிடைக்கவில்லை.

என் மருமகனிடம் சொன்னதையே இங்கும் சொல்கிறேன். விற்கிறவன் எவ்வளவு நல்லவன் என்பது வேண்டாம், புத்தகத்தில் பெயருள்ளவர் நேரில் வரட்டும். அசல் அடையாள அட்டையோடு, உன் கண்முன்னே, திகதியும் உன் பெயரும் எழுதிய படிவத்தில் கையெழுத்திடட்டும். வெளிநாட்டில் இருக்கிறார், சுகமில்லை, ஊரில் இருக்கிறார் என்றால் அவர் வரும்வரை பணமும் உன் பையிலேயே இருக்கட்டும். திணைக்களத்தின் இணையத்தளத்தில் வண்டி இலக்கத்தைக் கொடுத்துப் பார், லீசிங் கம்பனியின் பெயர் அதில் நின்றால் அந்தக் கம்பனியின் விடுவிப்புக் கடிதம் இல்லாமல் ஒரு ரூபாயும் கொடுக்காதே. பணம் கொடுத்த அதே வாரத்தில் நாரஹேன்பிட்டிக்குப் போ. ஒரு நாள் விடுமுறை போனால் போகட்டும்.

நேற்று அவன் திரும்ப அழைத்தான். "மாமா, புத்தகத்தில் இருப்பவரைக் கூட்டிக்கொண்டு வரச் சொன்னேன். அதை மட்டும் கேட்காமல் விட்டால் விற்பவர் இருபதாயிரம் குறைத்துத் தருகிறாராம். என்ன செய்ய?"