20 டிபி டேட்டா, நான்கு வழிகள்: எது எத்தனை மணி நேரத்தில் திரும்ப வரும்?

2015 டிசம்பர் வெள்ளம் வடிந்த பிறகு, ஈக்காட்டுத்தாங்கலில் நான் வேலை பார்த்த அலுவலகத்தின் தரைத்தளக் கதவைத் திறந்தோம். சர்வர் ரேக்கில் இடுப்பளவுக்குச் சேறு. பேக்கப் டேப்புகளும் அதே அறையில், இரும்பு பீரோவின் கீழ்த்தட்டில். ஒன்றை எடுத்துச் சாய்த்தேன். உள்ளேயிருந்து டீ நிறத்தில் தண்ணீர் ஒழுகியது. அப்போது அக்கவுண்ட்ஸ் பிரிவில் இருந்த ஒரு பெண் சொன்னார்: "சார், போன வெள்ளிக்கிழமை டாலி டேட்டாவை பென் டிரைவ்ல போட்டு வீட்டுக்கு எடுத்துட்டுப் போனேன். அது இருக்கு." எங்களுக்கு மிஞ்சியது அது மட்டும்தான்.

அதிலிருந்து எந்த பேக்கப் சிஸ்டத்தைப் பார்த்தாலும் இரண்டே கேள்விகளோடுதான் பார்க்கிறேன். ஆட்கள் மறுபடி உட்கார்ந்து வேலை பார்க்க எத்தனை மணி நேரம் ஆகும்? இரண்டாவது பிரதி எந்த ஊரில் இருக்கிறது? அம்பத்தூர் எஸ்டேட்டிலோ ஓஎம்ஆரிலோ இருக்கும், 20 டிபி டேட்டா வைத்திருக்கும் ஒரு நடுத்தர நிறுவனத்தை மனதில் வைத்துக்கொண்டு ஒப்பிடுவோம்.

கிளவுடில் தொடங்கலாம், எல்லா முதலாளிகளும் முதலில் கேட்பது அதைத்தான். மைக்ரோசாஃப்டின் அஸூர் பேக்கப்பானாலும் அமேசானின் ஏடபிள்யூஎஸ் பேக்கப்பானாலும் பெட்டி வாங்க வேண்டாம், மாதக் கட்டணம் போதும். ஆனால் 100 எம்பிபிஎஸ் லீஸ்டு லைனில் 20 டிபியைத் திரும்ப இறக்க, லைன் முழுக்க உங்களுக்கே கிடைத்தாலும், 18 நாளுக்கு மேல் ஆகும். 1 ஜிபிபிஎஸ் என்றால் ஏறக்குறைய இரண்டு நாள். கிளவுடிலேயே சர்வரை எழுப்பி வேலையைத் தொடரலாம்தான். அதற்கு நெட்வொர்க், லாகின் எல்லாம் முன்கூட்டியே அமைத்து ஒருமுறையாவது ஓட்டிப் பார்த்திருக்க வேண்டும்.

சென்னைக்காரர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். அஸூரின் சவுத் இந்தியா ரீஜன் (டேட்டா சென்டர்கள் இருக்கும் வட்டாரம்) 2015 முதல் சென்னையில்தான் இருக்கிறது. பக்கத்தில் இருப்பதால் வேகம் என்று அதை எடுத்து, செலவைக் குறைக்க எல்ஆர்எஸ் (பிரதிகள் எல்லாம் ஒரே இடத்தில்) போட்டால், உங்கள் சர்வரும் பேக்கப்பும் ஒரே மழையில் நனையும். ஜிஆர்எஸ் (தொலைவில் உள்ள ரீஜனிலும் பிரதி) போட்டால் இன்னொரு பிரதி புனேவுக்குப் போகும். வால்ட்டில், அதாவது அஸூரில் பேக்கப் சேரும் பெட்டகத்தில், முதல் சர்வரைச் சேர்ப்பதற்கு முன்பே இதை முடிவு செய்துவிட வேண்டும், பிறகு மாற்ற முடியாது. ஏடபிள்யூஎஸ்ஸில் மும்பை, ஹைதராபாத் என இரண்டு ரீஜன்கள் இருப்பதால் இரண்டு பிரதிகளையும் நாட்டுக்குள்ளேயே வைக்கலாம். இது சட்டத்துக்கும் பொருந்தும்: 2022 ஆகஸ்டில் திருத்திய கம்பெனி கணக்கு விதிகளின்படி, மின்னணுக் கணக்குப் புத்தகங்களின் பேக்கப் இந்தியாவில் உள்ள சர்வரில் தினமும் இருக்க வேண்டும்.

அடுத்தது, சாஃப்ட்வேர் வாங்கி நம் சொந்த டிஸ்க்கில் வைப்பது. வீம் என்ற பேக்கப் சாஃப்ட்வேர் இதில்தான் பேர் வாங்கியது. பேக்கப் ஃபைலிலிருந்தே விஎம்மை (சாஃப்ட்வேராக ஓடும் சர்வரை) சில நிமிடங்களில் ஓடவைக்கும். டேட்டா பின்னணியில் நகர்ந்துகொண்டிருக்கும். பேக்கப் டிஸ்க் மலிவானதாக இருந்தால் அந்த நேரத்தில் டேட்டாபேஸ் ஊர்ந்துதான் போகும், ஆனால் பில் போட முடியும். 2021இல் வந்த 11ஆம் பதிப்பிலிருந்து லினக்ஸ் ஹார்டன்டு ரெபாசிட்டரி, அதாவது பூட்டிவைத்த பேக்கப் சேமிப்பிடம், உண்டு. பேக்கப் அட்மினின் பாஸ்வேர்டு திருடுபோனாலும், நாம் குறித்த நாள் வரை ஃபைலை அழிக்க முடியாது. இதைப் போடாமல் வீம் வாங்குவதில் எனக்கு உடன்பாடில்லை. 2024இல் வீமில் கண்டுபிடிக்கப்பட்ட, 10க்கு 9.8 தீவிரம் கொண்ட ஓட்டையை, டேட்டாவைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் ரேன்சம்வேர் கும்பல்கள் உண்மையிலேயே பயன்படுத்தின. ஓட்டையை அடைக்கும் பேட்ச்சைத் தள்ளிப்போடாதீர்கள், பேக்கப் சர்வரை ஆக்டிவ் டைரக்டரி டொமைனில் (அலுவலகத்தின் பொது லாகின் அமைப்பில்) சேர்க்காதீர்கள்.

இதே வகையில் கம்வால்ட்? ஆரக்கிள், எஸ்ஏபி ஹானா டேட்டாபேஸ்கள், பழைய யூனிக்ஸ் சர்வர்கள் என்று கலவையாக இருக்கும் இடத்துக்கு அது நல்லது. அதைத் தெரிந்த ஆள் ஒருவர் முழுநேரமாக வேண்டும்.

ரூப்ரிக், கோஹெசிட்டி போன்ற அப்ளையன்ஸ்களில் சாஃப்ட்வேரும் டிஸ்க்கும் ஒன்றாகச் சேர்ந்தே வரும், அழிக்க முடியாத பிரதியும் உள்ளேயே இருக்கும். ஐடியில் இரண்டே பேர் இருக்கும் நிறுவனத்துக்கு இந்த நிம்மதி பெரிது. விலைதான் பாரம், புதுப்பிக்கும் வருடத்தில் அது இன்னும் தெரியும். வெரிட்டாஸின் நெட்பேக்கப் சாஃப்ட்வேரை வைத்திருப்பவர்கள் கவனிக்க: அந்தத் தொழில் 2024 டிசம்பரில் கோஹெசிட்டியோடு சேர்ந்துவிட்டது. அடுத்த ஐந்து வருடத் திட்டம் என்ன என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

டேப் பழசு என்று ஒதுக்காதீர்கள். எல்டிஓ என்ற டேப் வகையின் ஒன்பதாம் தலைமுறையான எல்டிஓ-9 டேப் ஒன்றில் கம்ப்ரஷன் இல்லாமலே 18 டிபி கொள்ளும். முழுசாகப் படிக்க பன்னிரண்டரை மணி நேரம். டிரைவிலிருந்து கழற்றிய டேப்பை எந்த ரேன்சம்வேராலும் தொட முடியாது. நம் ஊர்ப் புழுக்கத்தில் சாதாரண அறையில் வைக்கக் கூடாது, அவ்வளவுதான். அப்புறம், எல்டிஓ-9 டிரைவ் எல்டிஓ-8 வரைதான் படிக்கும். பழைய டேப் இருந்தால் பழைய டிரைவையும் விற்காதீர்கள்.

இந்த 20 டிபி நிறுவனத்துக்கு நான் சொல்வது: வீம், முதல் மாடியிலோ அதற்கு மேலேயோ ஒரு லினக்ஸ் ரெபாசிட்டரி, இரண்டாவது பிரதி ஹைதராபாத் அல்லது மும்பை கிளவுடில், ஆப்ஜெக்ட் லாக் (குறித்த நாள் வரை அழிக்க விடாத பூட்டு) போட்டு. ஆள் இல்லை, பணம் இருக்கிறது என்றால் அப்ளையன்ஸ். ஏழெட்டு வருடக் கணக்கை வைத்திருக்க வேண்டியவர்கள் டேப்பும் சேர்க்கலாம்.

எதை எடுத்தாலும் பர்ச்சேஸ் ஆர்டருக்கு முன் ஒரு சோதனை வையுங்கள். 2017இல், புரோகிராம் கோடைச் சேமித்துவைக்கும் சேவை தரும் கிட்லேப் நிறுவனத்தில் தவறுதலாக டேட்டாபேஸ் அழிந்தபோது, தினசரி பேக்கப் ஓடவே இல்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. தோல்வியைச் சொல்லும் மெயில்கள் யாருக்கும் போய்ச் சேரவில்லை. அதனால் விற்பனையாளரின் லேப்பில் டெமோ பார்த்தால் போதாது. உங்கள் அறையில், உங்கள் லைனில், உங்கள் 2 டிபி டேட்டாபேஸை ரீஸ்டோர் செய்யச் சொல்லுங்கள். முடிந்ததும் அக்கவுண்ட்ஸிலிருந்து ஒருவரைக் கூப்பிட்டு, நேற்று கடைசியாகப் போட்ட வவுச்சரைத் திறக்கச் சொல்லுங்கள். அது திறந்தபோது மணி என்ன என்பதைக் கொட்டேஷனில், விலைக்குப் பக்கத்திலேயே எழுதிக்கொள்ளுங்கள்.