மூட்டு நெம்புகோல் மாதிரித் தொகுப்பு: கை பிரமாதம், பாதம் கோட்டை விட்டது

மரத்தில் செய்த தலை, முன்கை, பாதம் என மூன்று மாதிரிகள், ஐந்து கிலோ வரை காட்டும் ஸ்பிரிங் தராசு, எடைக்கற்கள், நைலான் கயிறு. பெட்டிக்குள் இவ்வளவுதான். நான் பிசியோதெரபிஸ்ட். "அரைக் கிலோதானே தூக்கினேன், அதுக்கா இந்த வலி?" என்று கேட்பவர்களுக்குக் காட்டத்தான் வாங்கினேன்.

முன்கை மாதிரி ஒன்றுக்கே காசு கொடுக்கலாம். முழங்கை ஆணியிலிருந்து உள்ளங்கைக் கொக்கி 32 செ.மீ. தள்ளி இருக்கிறது, பைசெப்ஸாக (மேற்கையின் முன்பக்கத் தசை) இழுக்கும் கயிறு கட்டும் துளை வெறும் 4 செ.மீ. தள்ளி. நம் கையிலும் பைசெப்ஸ் முன்கையின் ஆரை எலும்பில் ஒட்டுவது மூட்டுக்கு இவ்வளவு பக்கத்தில்தான். மலிவான பொம்மைகளில் கயிறு முன்கையின் நடுவில் இருக்கும், அதோடு பாடமே போய்விடும். இதில் உள்ளங்கையில் அரைக் கிலோவைத் தொங்கவிட்டால் தராசு நாலு கிலோவைத் தாண்டுகிறது. அந்தக் கூடுதல் மரக்கையின் சொந்த எடை. அதே கல்லை முன்கையின் நடுவுக்கு நகர்த்தினால் அளவு ஏறக்குறைய பாதியாகிறது. பையை விரலில் தொங்கவிடாதீர்கள், முன்கையில் மாட்டுங்கள் என்று வாய் வலிக்கச் சொன்னபோது கேட்காதவர்கள், முள் இறங்குவதைப் பார்த்ததும் கேட்கிறார்கள்.

தசை ஏன் இப்படி நட்டத்துக்கு வேலை செய்கிறது என்ற கேள்வி உடனே வரும். கயிற்றை ஒரு செ.மீ. இழுங்கள், உள்ளங்கை எட்டு செ.மீ. எழும்பும். தசையால் சுருங்க முடிவது கொஞ்சம்தான். விசையைக் கூடுதலாகச் செலவழித்து வீச்சையும் வேகத்தையும் வாங்கிக்கொள்கிறது. தூக்கும் பளுவைவிடப் பல மடங்கு விசையைத் தசை தரவேண்டியிருக்கிறது என்று 17-ஆம் நூற்றாண்டிலேயே இத்தாலியரான போரெல்லி கணக்குப் போட்டுக் காட்டிவிட்டார்.

கூட வரும் விளக்கத்தாள் மட்டும் சறுக்குகிறது. முழங்கை 90 பாகையில் இருக்கும்போது பைசெப்ஸுக்கு வேலை எளிது என்கிறது. மூட்டிலிருந்து கயிற்றுக்குள்ள செங்குத்துத் தூரம் (இழுக்கும் கோட்டுக்குச் செங்கோணத்தில் அளப்பது) அப்போது அதிகம் என்பது சரி. ஆனால் மேற்கை நேராகத் தொங்கும்போது, பளுவின் செங்குத்துத் தூரமும் அதே நிலையில்தான் உச்சம். கையை மெல்ல விரித்துப் பாருங்கள், முள் பெரிதாக நகராது.

தலை மாதிரியில் குறையில்லை. ஆதாரப்புள்ளி நடுவில், முன்னால் முகத்தின் எடை, பின்னால் கழுத்துத் தசையின் இழுப்பு. உட்கார்ந்தபடி தூங்குபவரின் தலை முன்னால் சரிவது ஏன் என்று புரியவைக்க இது போதும்.

பாதத்துக்கு வருவோம். முன்பாதம் ஆதாரப்புள்ளி, கணுக்காலில் பளு, குதிகாலில் கெண்டைக்கால் தசையின் இழுப்பு: பளு நடுவில் வரும், பாடப்புத்தகத்து இரண்டாம் வகை நெம்புகோல். முன்பாதத்திலிருந்து கணுக்கால் 12 செ.மீ., குதிகால் 17. கணுக்கால் தண்டின்மேல் ஒரு கிலோ வைத்தால் தராசு 700 கிராம் காட்டுகிறது. அப்படியானால் ஒற்றைக்காலில் எக்கி நிற்க உடல் எடையைவிடக் குறைந்த விசை போதும் என்றாகிறது. நிச்சயம் போதாது. தராசை மேலே சட்டத்தில் மாட்டியிருக்கிறார்கள். நம் தசை கூரையிலிருந்தா தொங்குகிறது? அதன் மேல்முனையும் அதே காலில்தான் பற்றியிருக்கிறது. குதிகாலை எவ்வளவு மேலே இழுக்கிறதோ, அவ்வளவு கணுக்காலைக் கீழே அழுத்தவும் செய்கிறது. தண்டில் ஒரு துளை போட்டு தராசின் மேல்கொக்கியை அங்கே மாற்றினேன். முள் கிட்டத்தட்ட 2.4 கிலோவுக்குப் போய்விட்டது. கணக்கும் அதையேதான் சொல்கிறது: கணுக்காலிலிருந்து குதிகால் 5 செ.மீ. (17-இல் 12 போக), 12-ஐ 5-ஆல் வகுத்துப் பாருங்கள். குதிகால் நாண் அறுந்து தைத்துக்கொண்டவரிடம் அந்த 700 கிராமைக் காட்டி அனுப்பினால், எக்கி நிற்பது சுலபம் என்று நினைத்துவிடுவார். வகுப்புக்கு வாங்கும் ஆசிரியர்களும் இந்தத் துளையைப் போட்டபிறகு கொண்டுபோவது நல்லது.

மூட்டுகள் எல்லாமே ஒற்றை ஆணிதான். முழங்கை ஏறத்தாழ கதவுக்கீல் மாதிரி என்பதால் மன்னிக்கலாம். முழங்காலை இந்த முறையில் செய்யாமல் விட்டது புத்திசாலித்தனம். மடங்க மடங்க அதன் சுழல் அச்சே இடம் மாறும்.

நைலான் கயிறு இழுபட்டு நீள்கிறது, அளவு தளர்ந்துகொண்டே போகும். சைக்கிள் பிரேக்கின் உள்கம்பியை மாட்டிவிட்டேன், இப்போது முள் நின்ற இடத்தில் நிற்கிறது.