பன்னிரண்டு, ஒன்பது, ஏழு: ஜூரிக் கணக்கு

ஒருவர் குற்றவாளியா இல்லையா என்பதைச் சாதாரணக் குடிமக்கள் முடிவு செய்யும் ஜூரி முறை நல்லதா கெட்டதா என்று பொத்தாம்பொதுவாகக் கேட்டால் பதில் கிடைக்காது. எத்தனை பேர், அவர்களோடு நீதிபதியும் உட்காருகிறாரா, எத்தனை ஓட்டில் ஒருவர் குற்றவாளி ஆகிறார், காரணம் எழுதித் தருகிறார்களா என்பதைப் பார்க்க வேண்டும்.

இங்கிலாந்தில் 12 பேர். நீதிபதி அவர்களோடு அறைக்குள் போவதில்லை. தண்டனையை மட்டும் அவர் முடிவு செய்வார். முதலில் ஒருமித்த முடிவுதான் கேட்கப்படும். இரண்டு மணி நேரத்துக்கு மேலாகியும் அது வராவிட்டால் 10-2 போதும் என்று நீதிபதி சொல்லலாம். அதுவும் எட்டவில்லையென்றால் ஜூரி கலையும், மறுவிசாரணை வரலாம். அமெரிக்காவில் கடுமையான குற்றங்களுக்கு, 2020-ல் உச்ச நீதிமன்றம் தந்த ரேமோஸ் வழக்குத் தீர்ப்புக்குப் பின், எல்லா மாநிலங்களிலும் ஒருமித்த முடிவு கட்டாயம்.

கடுமையான குற்றங்களை விசாரிக்கும் பிரான்ஸின் அசீஸ் நீதிமன்றத்தில் 3 நீதிபதிகளும் 6 குடிமக்களும் ஒரே மேசையில் அமர்கிறார்கள். 'ஆம்' அல்லது 'இல்லை' என்று சீட்டில் எழுதி, மடித்துப் பெட்டியில் போட வேண்டும். வெற்றுச் சீட்டு குற்றம் சாட்டப்பட்டவருக்குச் சாதகமாகவே எண்ணப்படும். குற்றவாளி என்று சொல்ல 7 ஓட்டு தேவை. அதாவது மூன்று நீதிபதிகளும் ஒன்று சேர்ந்தாலும் குடிமக்களில் நான்கு பேரின் சம்மதம் இல்லாமல் முடியாது. எனக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு இது.

ஜப்பானிலும் 2009 முதல் அதே 6 குடிமக்கள், 3 நீதிபதிகள்தான், ஆனால் கணக்கு தலைகீழ். ஐந்து ஓட்டு போதும். அதில் ஒரு நீதிபதியாவது இருக்க வேண்டும். மூன்று நீதிபதிகளோடு இரண்டு குடிமக்கள் சேர்ந்தால், மற்ற நால்வர் மறுத்தாலும் தண்டனைதான். இங்கே குடிமக்களின் கை தாழ்ந்தே இருக்கிறது.

இலங்கையில் ஜூரி 7 பேர், 5-2 போதும். எந்த மொழி ஜூரி வேண்டும் என்று குற்றம் சாட்டப்பட்டவரே கேட்கலாம். தாய்மொழியில் விசாரணை நடக்கட்டும் என்ற நல்ல எண்ணம்தான். ஆனால் கொல்லப்பட்டவர் வேறு சமூகம் என்றால் அதுவே பெரிய குறையாகிவிடுகிறது. தமிழ் நாடாளுமன்ற உறுப்பினர் நடராஜா ரவிராஜ் 2006-ல் கொழும்பில் சுட்டுக் கொல்லப்பட்ட வழக்கில், 2016 டிசம்பரில் சிங்கள மொழி ஜூரி குற்றம் சாட்டப்பட்ட அனைவரையும் விடுவித்தது. பிரான்ஸில் 2012 முதல் தீர்ப்புக்கான முக்கியக் காரணங்களை எழுதி இணைத்தாக வேண்டும். ரவிராஜ் குடும்பத்துக்கு ஜூரியிடமிருந்து கிடைத்தது முடிவு மட்டுமே; ஏன் என்று ஒரு வரிகூட இல்லை.